கல்லுக்கடியில் கிடந்தது நிலக்கடலைப் புழுதான்: கேப் கடற்கரை இனத்தின் உடலமைப்பும் பரவலும்

டர்பனில் புளஃப் பக்கத்துக் கற்கரையில் கடல் வற்றியிருந்த நேரம் உங்கள் மகன் ஒரு கல்லைப் புரட்டியிருக்கிறான். அடியில் பருமணலுக்குள் விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒன்று கிடந்திருக்கிறது, காலும் இல்லை, கண்ணும் இல்லை, உடம்பில் வளையமும் இல்லை, தோல் வழவழப்பு, தொட்டதும் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. இது அட்டையா கடல் வெள்ளரியா, தலை எந்தப் பக்கம், இங்கே மட்டும்தான் உண்டா, தூண்டிலில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பையனுக்குத் தேவையானதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அது நிலக்கடலைப் புழு. சைபங்குலா என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கக் கரையில் கல்லுக்கடியில், அதுவும் பருமணலில், சாதாரணமாகக் கிடைக்கிற இனம் கோல்ஃபிஞ்சியா கேப்பென்சிஸ். 1874-ல் டாய்ஷர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விவரித்த இனம் இது, அப்போது அவர் அதை ஃபாஸ்கோலோசோமா பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு இடம் மாறியது. நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் இதோடு ஒத்துப்போகிறது: வழவழப்பான தோல், உருளை உடம்பு, தொட்டால் கெட்டியாவது, பருமணல். ஆனால் இந்தக் கூட்டத்தில் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்வது சரியான வேலை இல்லை. வயிற்றைத் திறந்து உள்ளே எத்தனை தசை, எத்தனை சிறுநீரகக் குழாய், குடல் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிலின் பாதி.

முதலில் எவையெல்லாம் இல்லை என்று தள்ளிவிடலாம். அட்டைக்கு இரண்டு முனையிலும் ஒட்டுறிஞ்சி இருக்கும், உடம்பு முழுக்க நெருக்கமான வளையம் இருக்கும். கடல் வெள்ளரியாக இருந்தால் நீளவாக்கில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழாய்க்கால்கள் தெரியும், கால் இல்லாத வகையாக இருந்தால் தோல் விரலில் ஒட்டிக்கொள்ளும். டர்பன் மீன்பிடிக்காரர்கள் தேடும் பிளட்வோர்ம், வொண்டர்வோர்ம் இரண்டும் கணுக் கணுவாகப் பிரிந்த உடம்பு உள்ளவை, பக்கவாட்டில் முள்முடி நீட்டிக்கொண்டிருக்கும். பிளட்வோர்முக்கு நடு உடம்பில் சிவப்புச் செவுள் குஞ்சங்களும் உண்டு. கொஞ்சம் குழப்பக்கூடியது கரண்டிப் புழு ஒன்றுதான். அதற்கும் கணு தெரியாது, உடம்பும் உருளைதான். ஆனால் அதன் முன்னால் இருக்கும் தட்டையான நாக்கு மாதிரிப் பகுதி சுருங்குமே தவிர உடம்புக்குள் போகாது. நிலக்கடலைப் புழுவின் முன்பகுதி முழுவதும் உள்ளே போய்விடும். இந்த ஒரே குணத்தை வைத்தே கரையிலேயே பிரித்துவிடலாம்.

உடம்பு இரண்டே பகுதி. பின்னால் தடித்த நடுவுடம்பு, முன்னால் மெலிந்த ஒரு பகுதி. அதற்கு இன்ட்ரோவெர்ட் என்று பெயர், நான் கழுத்து என்றே எழுதுகிறேன், படிக்க எளிது. கழுத்தின் நுனியில் வாய், வாயைச் சுற்றிச் சிறு உணர்விரல்கள். சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்தால் எப்படி மணிக்கட்டுப் பக்கம் முதலில் மறைந்து உள்ளே புரண்டு போகிறதோ, கழுத்தும் அப்படித்தான் நுனியிலிருந்து உள்ளே போகிறது. உங்கள் மகன் தொட்டபோது நடந்தது இதுதான். கழுத்து முழுவதும் உள்ளே போய்விட்டால் மிஞ்சுவது கெட்டியான குட்டை உடம்பு மட்டும், அந்த நிலையில்தான் தோல் உரிக்காத நிலக்கடலை ஞாபகம் வரும்.

அது வெளியே வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது. ஒரு வெள்ளைத் தட்டில் அதே கடலின் நீரை ஊற்றி, கொஞ்சம் மணலும் போட்டு, நிழலில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதலில் எதுவும் நடக்காது. அப்புறம் ஒரு முனையில் தோல் லேசாகக் குழிந்து திறக்கும், அதற்குள்ளிருந்து வெளிறிய ஒரு குழாய் புரண்டு புரண்டு வெளியே வரும். வந்த வேகத்தில் பாதி திரும்ப உள்ளே போகும், மறுபடி இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும். மணலைத் தொட்டுத் தடவி, இடம் பிடித்துக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கம் இழுக்கும். கடைசியில் நுனி முழுக்கத் திரும்பினால்தான் உணர்விரல்கள் விரியும், கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாயைச் சுற்றி அவை நிற்பது தெரியும். தட்டை விரலால் தட்டிப் பாருங்கள், எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போகும். வெளியே வர அவ்வளவு நேரம், உள்ளே போக ஒரு நொடி. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

வெளியே தள்ளுவதற்குத் தனியாக ஒரு தசை கிடையாது. நடுவுடம்பின் சுவரில் வட்டத் தசையும் நீளத் தசையும் அடுக்காக இருக்கின்றன, உள்ளே ஒரே பெரிய உடற்குழி, அதில் நிறையத் திரவம். சுவர் இறுகினால் திரவத்துக்குப் போக இடமில்லை, அந்த அழுத்தம் கழுத்தை வெளியே தள்ளுகிறது. எலும்பு இல்லாத உடம்புக்கு இந்தத் திரவம்தான் எலும்பின் வேலையைச் செய்கிறது. உள்ளே இழுப்பதற்கு மட்டும் தனித் தசைகள் உண்டு. கோல்ஃபிஞ்சியாவுக்கு நான்கு, முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு. ஒரு முனை உடற்சுவரில், மறுமுனை கழுத்தின் நுனியில், மூளைக்கும் வாய்க்கும் பக்கத்தில் பிடித்திருக்கிறது. அவை சுருங்கினால் நுனி நேராக உள்ளே வந்துவிடும், அதனால்தான் அந்த வேகம். பதப்படுத்துவதற்கு முன்னால் தசையைத் தளர்த்தாவிட்டால் இந்த நான்கும் கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்து உள்ளே மாட்டிய நிலையிலேயே புழு இறந்துபோகும், பிறகு உணர்விரலைப் பார்க்க வழியே இல்லை. மெக்னீசியம் குளோரைடு கரைசலையோ மென்தால் படிகத்தையோ கடல்நீரில் கலந்து மெல்ல மயக்குவது அதனால்தான். அருங்காட்சியகங்களில் பழைய மாதிரிகள் பல அடையாளம் காண முடியாமல் கிடப்பதற்கு இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதும் ஒரு காரணம்.

மயங்கிய புழுவை மெழுகுத் தட்டில் கிடத்தி, முதுகு நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் நீளமாக வெட்டி, இரு பக்கமும் ஊசி குத்தி விரித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நடுக்கோட்டில் வெட்டினால் ஆசனவாய் சேதமாகும். ஆமாம், ஆசனவாய் முதுகில் இருக்கிறது, அதுவும் பின்முனையில் இல்லை, கழுத்து ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால். முதலில் பார்ப்பவர்கள் யாரும் இதை நம்புவதில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த விலங்கு ஒரு பக்கம் மூடிய பொந்தில் இருக்கிறது, வெளியோடு தொடர்பு உள்ள பக்கம் முன்பக்கம் ஒன்றுதான். கழிவைப் பின்னால் விட்டால் தான் இருக்கும் இடத்திலேயே சேர்ந்துவிடும். அதனால் குடல் வாயிலிருந்து கிளம்பி நேராகப் பின்முனை வரை போய், அங்கே திரும்பி மறுபடி முன்னால் வந்து முதுகில் திறக்கிறது. போகும் குடலும் வரும் குடலும் தனித்தனியாக இல்லை, ஒன்றை ஒன்று முறுக்கிச் சுருண்டிருக்கின்றன, இரட்டைச் சுருள். அந்தச் சுருளின் நடு அச்சில் நூல் மாதிரி ஒரு மெல்லிய தசை ஓடும், சுழல்தசை என்று சொல்லலாம். கோல்ஃபிஞ்சியாவில் அதன் பின்முனை உடற்சுவரில் பிடித்திருக்காது, சுருளுக்குள்ளேயே முடிந்துவிடும். ஃபாஸ்கோலோசோமாவில் பின்சுவரில் போய் ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரிக்க உதவும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. உயிரோடு பிடித்ததை உடனே திறந்தால் சுருள் முழுக்க மணல் நிறைந்திருப்பது சுவர் வழியாகவே தெரியும். மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் மக்கு, பாசித் துணுக்கு, நுண்ணுயிர் இவற்றைச் செரித்துக்கொண்டு மீதியை வெளியே விடுகிறது. மண்புழு நிலத்தில் செய்கிற வேலையைக் கல்லுக்கடியில் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது வழிகிற திரவத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள், எனக்கு இந்த விலங்கில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அது இளஞ்சிவப்பாக, லேசாக ஊதா கலந்து இருக்கும். நம் ரத்தச் சிவப்பு இல்லை. நம்மிடம் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், இதனிடம் ஹீமெரித்ரின். ஹீமோகுளோபினில் இரும்பு ஹீம் என்கிற வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஹீமெரித்ரினில் அந்த வளையமே கிடையாது, இரண்டு இரும்பு அணுக்கள் நேராகப் புரதத்திலேயே பிணைந்திருக்கின்றன, அந்த இரண்டும் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. பிடித்திருக்கும்போது ஊதாச் சிவப்பு, விட்டுவிட்டால் நிறமே இல்லை. கார்பன் மோனாக்சைடு நம் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணற வைக்கிறதே, அது ஹீமெரித்ரினில் ஒட்டாது. இந்தப் புரதம் திரவத்தில் கரைந்து கிடக்காமல் உடற்குழியில் மிதக்கும் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தக் குழாய் அமைப்பு என்று தனியாக எதுவும் இல்லை, உடற்குழித் திரவம்தான் ரத்தம், உடம்பு அசைவதுதான் அதைச் சுற்றவைக்கிறது.

அதே திரவத்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் இன்னொன்றும் தெரியலாம். தாழி என்று பெயர் வைக்கப்பட்ட சின்னச் செல்கூட்டங்கள் பல இனங்களில் உண்டு. அவற்றின் நுண்ணிழைகள் துடித்துக்கொண்டே இருக்கும், வழியில் கிடக்கும் இறந்த செல், பாக்டீரியா, குப்பை எல்லாவற்றையும் பசையில் ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும். ஐரோப்பியக் கரைகளில் பேர்போன சைபங்குலஸ் நூடஸ் இனத்தில் இவை சுதந்திரமாக நீந்துகின்றன, பசை எப்படிச் சுரக்கிறது என்று ஆராய்வதற்கே அந்தத் தாழிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உணர்விரல்களுக்கு இந்தப் பெரிய உடற்குழியோடு தொடர்பில்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு சிறு குழி, அதிலிருந்து உணவுக்குழலின் மேல் ஒட்டிச் செல்லும் ஒரு பை. கழுத்து உள்ளே போகும்போது உணர்விரலில் இருக்கும் திரவம் அந்தப் பைக்குள் வந்துவிடும், வெளியே வரும்போது பை சுருங்கித் திரும்பக் கொடுக்கும். வாய்க்கு மேலே மூளை, இரண்டு மடலாக. அதிலிருந்து உணவுக்குழலைச் சுற்றி வந்து வயிற்றுப் பக்கம் ஒரே ஒரு நரம்புக் கயிறு பின்முனை வரை ஓடுகிறது, வெள்ளை நூலாகத் தெரியும், முடிச்சுகள் இல்லை. முன்னால் இரு பக்கமும் பழுப்பாகத் தொங்கும் இரண்டு பைகள் சிறுநீரகக் குழாய்கள். அவை கழிவை மட்டும் அல்ல, முட்டையையும் விந்தையும்கூட வெளியே விடுகின்றன.

இனப்பெருக்கம் எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஆண் வேறு, பெண் வேறு, ஆனால் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வயிற்றுப் பக்க இழுதசைகளின் அடியில் மெல்லிய நாடாவாக இனவுறுப்பு இருக்கிறது. அதிலிருந்து இளம் முட்டைகள் கழன்று உடற்குழிக்குள் விழுந்து, அந்த இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதந்தபடியே முற்றுகின்றன. முற்றியவற்றை மட்டும் சிறுநீரகக் குழாய் உள்வாங்கி வெளியே விடுகிறது, முற்றாதவை உள்ளேயே நிற்கும். கருவுறுவது கடல்நீரில். அதிலிருந்து வரும் லார்வாதான், அதாவது முட்டையிலிருந்து வரும் இளம் பருவம்தான், பரவல் பற்றிய உங்கள் கேள்விக்குத் திறவுகோல், அதற்குப் பிறகு வருகிறேன்.

இது எந்தக் குடும்பத்து விலங்கு என்பதில் நெடுங்காலம் சண்டை இருந்தது. கணு இல்லை, முள்முடி இல்லை, அதனால் சைபங்குலாவைத் தனித் தொகுதியாகவே பாடப் புத்தகங்களில் வைத்திருந்தார்கள், சில பழைய புத்தகங்களில் இன்றும் அப்படித்தான் இருக்கும், பையனின் ஆசிரியர் அதைக் காட்டினால் வியக்க வேண்டாம். மரபணு ஆராய்ச்சிகள் வந்த பிறகு இது வளையப் புழுக்களின் கிளை என்பது தெளிவாகிவிட்டது. மண்புழுவும் பிளட்வோர்மும் சேர்ந்த அதே கூட்டம். அப்படியானால் கணு எங்கே போயிற்று? 2008-ல் ஃபாஸ்கோலோசோமா அகாசிசியின் லார்வாவில் நரம்பு வளர்வதைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் வயிற்று நரம்பு இரட்டையாக இருக்கிறது, நரம்புச் செல்கள் ஜோடி ஜோடியாக வரிசையில் தோன்றுகின்றன, வளையப் புழுவில் கணுவுக்குக் கணு வருவது எப்படியோ அப்படி. பிறகு இரண்டும் சேர்ந்து ஒன்றாகி அந்த ஒழுங்கு மறைந்துவிடுகிறது. கணுவுள்ள முன்னோரின் தடம் வளர்ச்சியில் கொஞ்ச நாள் தெரிந்து அழிகிறது. இந்த உடலமைப்பு மிகப் பழையது என்பதற்கும் சான்று இருக்கிறது, சீனாவின் யூனான் மாநிலத்துச் செங்ஜியாங் பாறைகளில் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கடலைப் புழுக்கள் என்று புதைபடிவங்களை 2004-ல் விவரித்திருக்கிறார்கள். கழுத்தும் நடுவுடம்பும் அப்போதே இன்றைய விதத்தில் பிரிந்திருக்கின்றன.

சரி, பரவல்.

உலகத்தில் ஏறத்தாழ 150 இனங்கள், எல்லாமே கடலில் வாழ்பவை. நன்னீரில் ஒன்றுகூட இல்லை. கரையோரக் கல்லுக்கடியிலிருந்து 6000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இருக்கின்றன, சில மில்லிமீட்டர் நீளத்திலிருந்து அரை மீட்டர் வரை அளவும் மாறும். இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதில் எட்வர்ட் கட்லர் என்ற ஆய்வாளர் செய்த வேலை பெரியது. அவர் 1994-ல் வெளியிட்ட தொகுப்பில் பழைய பெயர்களில் பலவற்றை ஒரே இனத்தின் மாறுபாடுகள் என்று ஒன்றாக்கிவிட்டார். அதனால் உலகம் முழுக்கப் பரவியவை என்று ஓர் இனப்பட்டியல் உருவானது, பிற்பாடு அதுவே கேள்விக்கு உள்ளானது.

நம் கேப்பென்சிஸ் பெயருக்கேற்றபடி கேப் கரையின் விலங்கு. அங்கே கல்லுக்கடிப் பருமணலில் வெகு சாதாரணம், அங்கிருந்து தெற்குக் கரை வழியாகக் கிழக்கே டர்பன் இருக்கும் நேட்டால் கரை வரை கிடைக்கிறது. ஆங்காங்கே கூட்டமாக இருக்கும், நடுவில் நீண்ட மணற்கரை வந்தால் அங்கே இருக்காது. அதற்குக் கல் வேண்டும், கல்லின் அடியில் அலை அடித்துக்கொண்டு போகாத பருமணல் வேண்டும், நல்ல ஆக்சிஜன் உள்ள நீர் அந்த மணல் இடுக்கில் ஓட வேண்டும். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை வருகிற சேற்றில் இதைத் தேடிப் பிரயோசனமில்லை.

டர்பன் கரையைப் பற்றிச் சொல்லும்போது அகுல்யாஸ் நீரோட்டத்தைச் சொல்லாமல் முடியாது. மொசாம்பிக் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைச் சுமந்துகொண்டு நம் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிறது. கோடையில் நாம் 25 டிகிரி செல்சியஸுக்குப் பக்கமான நீரில் குளிக்கிறோம். அதே நாளில் மேற்குக் கரையில் தென்கிழக்குக் காற்று அடித்து ஆழத்து நீர் மேலே ஏறியிருந்தால் அங்கே 10, 12 டிகிரிதான் இருக்கும், அது பெங்குவேலா நீரோட்டத்தின் பக்கம். ஆகவே ஒரே நாட்டின் கரையில் மிதவெப்பக் கடலின் இனங்களும் வெப்பக் கடலின் இனங்களும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன, நேட்டால் கரை அந்தச் சந்திப்பில் இருக்கிறது. வடக்கே சோட்வானா விரிகுடாவில் பவளக் கூட்டங்கள் உள்ளன, அவை ஆப்பிரிக்கக் கரையின் தென்கோடிப் பவளங்கள் என்றே சொல்லலாம். தெற்கே கேப் இனங்கள். உங்கள் மகன் கல் புரட்டிய இடத்தில் இரு பக்கத்து விலங்கும் வர வாய்ப்பு உண்டு, இனப்பெயரை உறுதியாகச் சொல்ல நான் தயங்குவதற்கு இதுவும் காரணம்.

எவற்றோடு குழம்பலாம் என்று சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்கோலோசோமா வகையாக இருந்தால் தோல் சொரசொரப்பாக, கறுப்புப் புள்ளிகளோ பட்டைகளோ உள்ள கழுத்தோடு இருக்கும், கழுத்தில் நுண்ணிய கொக்கிகள் ஒழுங்கான வளைய வரிசையில் நிற்கும், உள்ளே நீளத் தசை பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். கோல்ஃபிஞ்சியாவில் நீளத் தசை பிரிவில்லாத ஒரே விரிப்பு. உணர்விரல்கள் கிளை கிளையாகப் பிரிந்து, நீரில் மிதக்கும் துணுக்கை வடிகட்டி உண்பதாக இருந்தால் அது தெமிஸ்டே, அதற்கு இழுதசை இரண்டுதான். காலியான சங்குக்குள் குடியிருந்தால் பெரும்பாலும் ஃபாஸ்கோலியன், ஒரே ஒரு சிறுநீரகக் குழாய். ஆசனவாய்க்கு முன்னால் தடித்த கேடயம் இருந்தால் ஆஸ்பிடோசைஃபன். பவளப் பாறைக்குள் துளையிட்டுக்கொண்டு, அன்னாசித் தோல் கட்டங்களோடு வெளிர்மஞ்சள் சுண்ணாம்பு மூடி வைத்திருந்தால் குளோயோசைஃபன் ஆஸ்பெர்ஜில்லஸ், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் வரை உள்ள பவளக் கடல்களின் விலங்கு.

ஆஸ்பிடோசைஃபனைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்திய, பசிபிக் கடல்களில் மணல் தரையில் தனியாக வாழும் ஹெட்டிரோசாம்மியா, ஹெட்டிரோசையத்தஸ் என்ற சிறு பவளங்கள் உண்டு. பவளத்துக்கு மணல் ஆகாது, புதைந்து செத்துவிடும். ஆனால் இவற்றின் அடியில் ஓர் ஆஸ்பிடோசைஃபன் குடியிருக்கிறது, அது உணவு தேடிக் கழுத்தை நீட்டி நகரும்போது பவளத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது, கவிழ்ந்தால் நிமிர்த்துகிறது. பவளம் வளர வளரப் புழுவுக்கும் அறை பெரிதாகிறது. பள்ளி ஆய்வில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள், வகுப்பில் எல்லோரும் கேட்பார்கள்.

இப்போது லார்வா. நிலக்கடலைப் புழுக்களில் பல இனங்களுக்குப் பெலகோஸ்ஃபீரா என்ற ஒரு லார்வா நிலை உண்டு, வேறு எந்த விலங்குக்கும் இது கிடையாது. ஃபாஸ்கோலோசோமா, ஆஸ்பிடோசைஃபன், சைபங்குலஸ் இவற்றின் பெலகோஸ்ஃபீரா மிதவைகளை உண்டுகொண்டே பல மாதங்கள் திறந்த கடலில் இருக்கக்கூடியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்து ஆய்வாளர் ருடால்ஃப் ஷெல்டெமா 1970-களில் அட்லாண்டிக்கின் நடுக்கடலில் வலை வீசி இவற்றைப் பிடித்தார், நீரோட்டத்தில் மாட்டினால் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கே போய்ச் சேர முடியும் என்று காட்டினார். கோல்ஃபிஞ்சியா பேரினத்தில் ஆராயப்பட்ட இனங்கள் வேறு வழி. அவற்றின் முட்டையில் மஞ்சள் கரு அதிகம், லார்வா அதை வைத்தே பிழைத்துச் சீக்கிரம் தரை இறங்கிவிடும், வெளியே உண்பதில்லை. பயணம் குறைந்தால் பரவலும் குறையும். வெப்பக்கடல் ஃபாஸ்கோலோசோமா இனங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் வரை ஒரே பெயரில் பதிவாகியிருப்பதையும், கேப்பென்சிஸ் பெயர் தெற்குக் கரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த உலகப் பரவல் கதையும் முழுதாக நிற்கவில்லை. ஜிசெல் கவாவுச்சி, கொன்சாலோ ஜிரிபெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் ஃபாஸ்கோலோசோமா பெர்லூசென்ஸ் இனத்தையும், 2014-ல் சைபங்குலஸ் நூடஸ் இனத்தையும் எடுத்து, பல கடல்களில் பிடித்த மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஒரே இனம் என்று நினைத்தவை தனித்தனிப் பரம்பரைகளாகப் பிரிந்து நின்றன. சைபங்குலஸ் நூடஸ் 18-ம் நூற்றாண்டில் லின்னேயஸ் பெயரிட்டது, ஐரோப்பாவில் கிடைப்பதும் தென்சீனாவில் மணற்புழு என்று விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதும் அதே பெயரில்தான் விற்கிறது, ஆராயப்படுகிறது. பெயர் ஒன்று, உயிர் பல. உடம்பு இத்தனை எளிமையாக, வெளியடையாளம் இத்தனை குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இனங்கள் பிரிவது இயல்புதானே. அதனால் மொரீஷியஸிலோ மன்னார் வளைகுடாவிலோ இதே இனம் உண்டா என்று யாராவது கேட்டால், நிலக்கடலைப் புழுக்கள் உண்டு, பவளப் பாறையிலும் கடற்புல் தரையிலும் நிறையவே உண்டு, ஆனால் உங்கள் கையில் இருந்த கேப் இனம் அங்கே தேட வேண்டியது இல்லை என்பதே என் பதில்.

தூண்டில் கேள்விக்கு வருவோம். மீன் கடிக்கும், சந்தேகமில்லை, தோலும் தடிப்பாக இருப்பதால் கொக்கியில் நிற்கும். டர்பன் வளைகுடாவிலும் சாலிஸ்பரி தீவிலும் வலை இழுத்துப் பிழைத்த நம் பழைய குடும்பங்களில் இரைப்புழு தோண்டுவது சிறுபிள்ளைகளின் வேலையாக இருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் இதை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். இரைக்கென்று கடல் உயிரைச் சேகரிக்க மீன்பிடி அனுமதிச் சீட்டு வேண்டும், கடல் காப்புப் பகுதிகளில் தனி விதிகள் வேறு இருக்கும். அதைவிட, இது கிடைக்க ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டியிருக்கிறது, புரட்டிய கல்லைத் திருப்பி வைக்காமல் போனால் மேல்பக்கத்துப் பாசி அடியில் வெளிச்சமில்லாமல் அழுகும், அடிப்பக்கத்து உயிர் வெயிலில் காய்ந்து சாகும். ஒரு புழுவுக்காக ஒரு கல்லின் குடித்தனம் முழுவதும் போகிறது. நம் கரைப் பாறைகளில் பார்க்கிற மைட்ரா குடும்பத்துச் சங்குகள் நிலக்கடலைப் புழுக்களையே குறிவைத்து உண்டு வாழ்கின்றன, பொந்துக்குள் நீளமான உறிஞ்சுகுழலை விட்டு வெளியே இழுத்து முழுதாக விழுங்கும். அவற்றுக்கு வேறு வழி இல்லை, நமக்குக் கடையில் சார்டீன் கிடைக்கிறது.

பள்ளி ஆய்வுக்குப் புழுவை வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நம் கரையில் பெரிய வற்றம் காலை பத்து மணி வாக்கில் வரும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கல்லைப் புரட்டும் முன்பு அது எந்த முகமாகக் கிடந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புழுவை வெள்ளைத் தட்டில் அதே நீரில் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, சுருங்கிய நிலையில் ஒன்று, கழுத்து முழுக்க நீண்ட பிறகு ஒன்று என்று படம் எடுக்க வேண்டும், இரண்டாவதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம், நீர் சூடாகாமல் மாற்றிக்கொண்டே இருங்கள். கழுத்தில் பட்டையோ கொக்கி வரிசையோ தெரிகிறதா, தோல் வழவழப்பா சொரசொரப்பா, உணர்விரல் கிளை விடுகிறதா, மணல் பருமணலா பொடிமணலா, இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். புழுவை அதே இடத்தில் விட்டு, கல்லை மெதுவாகப் பழைய முகமாக வையுங்கள், புழுவின் மேல் நேராக அழுத்த வேண்டாம், கல்லின் ஓரத்தில் விட்டால் அதுவே உள்ளே போய்விடும். படங்களை இடத்தோடும் தேதியோடும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடச் சொல்லுங்கள், அதைப் பார்த்துக் கோல்ஃபிஞ்சியாவா ஃபாஸ்கோலோசோமாவா என்பதை நானும் சொல்கிறேன்.